அளவர் எண்டா ஆர்?

இங்கிலாந்தின் செஷயர் பக்கத்தில் உப்புத்தண்ணியைக் காய்ச்சி உப்பு எடுத்தவர்களை ஒருகாலத்தில் 'வாலர்' என்று அழைத்தார்கள். 'கொதித்தல்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இன்றைக்கு அது வெறும் குடும்பப் பெயர். கேட்கிறவர்கள் சுவர் கட்டினவரின் பரம்பரை என்றுதான் நினைப்பார்கள்.

எங்களிட்ட இப்பிடிச் சொல் இல்லையோ? இருக்கு, ரெண்டு. உப்பை வண்டியில் ஏற்றி ஊரூராய்க் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள் உமணர். உப்பை விளைவித்தவர்கள் அளவர். அளம் என்றால் உப்பு விளையும் நிலம். சங்கப் பாடல் படித்த ஆக்களுக்கு உமணரைத் தெரியும். வெயிலில் நிண்டு உப்பு வாரிய அளவரைத் தேட நிகண்டுக்குத்தான் போகவேணும்.

கோப்பாய் - கைதடிப் பாலத்துக்குக் கீழே கிடப்பது உப்பாறு. பக்கத்துச் செம்மணியிலும் உப்பு விளைந்தது. இப்ப அந்தப் பெயரைக் கேட்டால் புதைகுழிதான் ஞாபகம் வரும்.

யுத்தத்தால் 1990இல் நின்றுபோன ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பைக்கற்றில் 'ரஜ லுணு' என்று பெயர் வந்ததும் பெரிய பிரச்சினை. 'ஆனையிறவு உப்பு' என்றே இருக்கவேணும் என்று கேட்டோம். கேட்டது சரிதான். அதே வருஷம் அங்க வேலை செய்யிறவர்கள் தங்கட உரிமைக்காகப் போராடினார்கள். அதைப்பற்றி எங்களுக்குள்ள அவ்வளவு கதை எழும்பேல்ல.

'அளவர்' என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லேல்ல. அது பழைய சாதி, தொழில் அடுக்குகளோடு வந்த சொல். ஆனால் உப்புக்கு என்ன பெயர் என்று கேட்கிற நாங்கள், அதை வாருறவருக்கு என்ன சம்பளம் என்றும் கேட்கவேணும்.