தையல் ஆறிய பிறகும் கால் எரிவது ஏன்?

அன்புள்ள மீனா,

முதுகு தேவலை, ஆனால் மூன்றாவது வாரத்தில் கால் எரிகிறது, ஆபரேஷன் தோற்றுவிட்டதா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். பிசியோதெரபியில் காலம் தள்ளியவள் நான்; கதை கொஞ்சம் நீளும்.

உனக்குச் செய்த டிஸ்க் ஆபரேஷனுக்கு இன்னும் நூறு வயதாகவில்லை. பாஸ்டனில் மிக்ஸ்டர் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் பார் என்ற எலும்பு மருத்துவரும் 1934-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவியது. அதற்கு முன் முதுகுத்தண்டுக்குள் துருத்திய துணுக்கைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பலரும் எண்ணினார்கள். கட்டியில்லை, பிதுங்கிய டிஸ்க். கால் நரம்பின் வேரை அழுத்துவது அதுதான் என்று இவர்கள் காட்டினார்கள். அழுத்தம் போனால் வலியும் போய்விடும் என்ற கணக்கு அதோடு எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. பலருக்கு அப்படியே நடக்கவும் செய்கிறது. ஆனால் அடைப்பை எடுத்ததும் தண்ணீர் ஓட நரம்பு என்ன குழாயா? நசுங்கிக் கிடந்த வேர் வீங்கியிருக்கும். அதை ஒதுக்கிப் பிடித்துத்தான் டிஸ்க்கை எடுக்கிறார்கள். அந்தக் கோபம் அடங்க வாரங்கள் ஆகலாம். மரத்த இடம் விழிக்கும்போதும் எரிச்சல், சுள்ளென்ற வெட்டு, எறும்பு ஊர்வது எல்லாம் வரும்.

அந்த எறும்புக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் நரம்பில் குண்டடி பட்டவர்கள் ஏராளம். 1915-இல் பிரான்ஸில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும், எதிரெதிர் நாட்டுக்காரர்கள், ஒரே விஷயத்தை எழுதினார்கள்: காயம்பட்ட நரம்பைத் தட்டும்போது அது போய்ச்சேரும் இடத்தில் ஊர்வது போலிருந்தால் புது இழைகள் வளர்கின்றன. வலி வேறு, இந்த ஊர்தல் வேறு என்று டினெல் பிரித்தும் காட்டினார். அவர்கள் பார்த்தது கைகால் நரம்புகளை. உன் முதுகு வேருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் ஊர்வதெல்லாம் கெட்ட சேதி இல்லை என்று எங்கள் தொழில் கற்றது அங்கேதான். இழை அறுந்திருந்தால் அது வளர்வது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உனக்கு அவ்வளவு சேதம் இருக்கவேண்டும் என்றில்லை. நரம்பின் வேகம் தெரியட்டும் என்று சொன்னேன்.

உனக்குக் கொடுத்திருக்கும் கேபாபென்டின், அமெரிக்காவில் 1993-இல் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. நமக்கெதற்கு வலிப்பு மாத்திரை என்று பயப்படாதே. துடிக்கும் நரம்பை அடக்கவும் தருகிறார்கள். எல்லாருக்கும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல். நீயாகத் திடீரென்று நிறுத்தாதே. தலை சுற்றலாம், மாடிப்படியில் கைப்பிடியை விடாதே.

ஒரே இடத்தில் உட்காராமல் கொஞ்சம் கொஞ்சமாக நட. வெளியே பனியென்றால் வீட்டுக்குள்ளேயே. நேற்றோடு ஒப்பிடாதே, போன வாரத்தோடு ஒப்பிடு. வலி பாதத்தை விட்டு மேலே சுருங்கினால் பெரும்பாலும் நல்ல அறிகுறி.

ஆனால் சிறுநீர் அடைத்தாலோ அறியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க வராவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ எனக்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்காதே. நேரே அவசரப் பிரிவுக்குப் போ. இந்தப் பத்தியை மட்டும் மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

அன்புடன்,
அத்தை