அண்ணனுக்குத் திறந்த தெரு, ஆயாவுக்கு மூடிய தெரு

என் அண்ணன் ராணுவத்தில் பணியில் இருக்கும்போது இறந்தவர் என்று சொன்னால், எதிரில் இருப்பவரின் குரல் மாறிவிடும். அதுவரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்த அதிகாரிகூட "உட்காருங்கம்மா" என்பார். களப்பணிக்காகத் தாலுகா அலுவலகங்களில் ஏறி இறங்கும் எனக்கு இது பழகிவிட்டது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் ஒரு கேள்வி மட்டும் பத்து வருஷம் கடந்தும் பழகவில்லை. எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதைக்காக நாங்கள் அலைந்த கதையைச் சொன்னதும், "ஒரு ராணுவ வீரரோட குடும்பத்துக்கே இந்த நிலைமையா?" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். நம் தோழர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். "குடும்பத்துக்கே" என்பதில் இருக்கிற அந்த ஏகாரத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பழைய வட ஆர்க்காடு மாவட்டம். வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரிக்குப் போன கிராமங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. எங்கள் காலனியிலிருந்து அதிகம் பேர் போனதில்லை. அண்ணன் பன்னிரண்டாவது முடித்ததும் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தார். ஊர்ப் பையன்கள் விளையாடும் மைதானம் இருந்தது. அங்கே நாங்கள் போக முடியாது. 1600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், பத்து முறை கம்பியில் தொங்கி எழ வேண்டும் என்று யாரோ சொன்னதை வைத்து, வேப்பமரக் கிளையில் தொங்கினார். நைனா கரையின் கடைசியில் கைக்கடிகாரத்தோடு நிற்பார். நைனாவுக்கு நேரம் பார்க்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியாது. "முள்ளு இங்க இருந்துச்சு, இப்ப இங்க வந்துருச்சுடா" என்று விரலால் காட்டுவார். 2003ல் இரண்டாவது முகாமில் தேர்வானார். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படையில் வீரர்களைத் "தம்பி" என்று அழைப்பது வழக்கம். எனக்கு அண்ணன், படைக்குத் தம்பி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் படிப்புச் செலவு முழுக்க அவருடைய சம்பளம். நான் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தபோது, "அது என்ன படிப்பு பாப்பா?" என்று கேட்டார். "நம்ம தெருவை ஏன் தனியா வச்சாங்கன்னு படிக்கிற படிப்புண்ணா" என்றேன். "அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்?" என்றார்.

லீவில் வரும்போது வெள்ளை பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வருவார். அதில் அம்மாவுக்குப் புடவை, ஆயாவுக்குக் கம்பளி, கேன்டீன் பாட்டில்கள். அந்தப் பாட்டிலுக்காக ஊர்க்காரர்கள் சிலர் இருட்டிய பிறகு எங்கள் தெரு முனைக்கு வந்து நிற்பார்கள். பாட்டிலுக்குத் தீட்டு கிடையாது. எங்கள் நைனாவை அவருடைய அறுபதாவது வயதிலும் "வாடா, போடா" என்றவர்கள், அண்ணனை "வாங்க மிலிட்டரி" என்பார்கள். ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மரியாதை சட்டைக்கு, சட்டைக்குள் இருந்தவருக்கு இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும். "மெஸ்ஸுல எல்லாருக்கும் ஒரே தட்டு பாப்பா. ரயிலு காட்பாடி வந்தா, நான் இறங்குறேன், சாதி ஏறிக்குது" என்பார்.

படைக்குள்ளும் அது இல்லாமல் இல்லை. ஒரே மாவட்டத்துக்காரர் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி "எந்தத் தெரு?" என்றுதான் வரும் என்பார். ஜாட், ராஜ்புத், டோக்ரா என்று பெயர் தாங்கிய ரெஜிமென்ட்கள் இன்றும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரிடமிருந்து மட்டுமே ஆள் எடுப்பதை எதிர்த்து 2018ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. 1943ல் உருவான சமார் ரெஜிமென்ட் மூன்றே வருஷத்தில், 1946ல் கலைக்கப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் சாப்பர்ஸில் நம் மக்கள் ஏராளமாக இருந்தார்கள். பிறகு "போர்க்குணம் உள்ள இனம்" என்ற சரக்கு வந்ததும் தென்னிந்தியர்களையும் தாழ்த்தப்பட்டோரையும் ஓரங்கட்டினார்கள். மகர்களைச் சேர்ப்பது 1890களில் நிறுத்தப்பட்டது. 1818ல் கோரேகானில் சண்டையிட்டவர்கள் அதே மகர்கள்தான். மகர் ரெஜிமென்ட் 1941ல் எழுந்ததில் அண்ணல் அம்பேத்கரின் பங்கு உண்டு.

அண்ணல் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா சுபேதார். ஆனால் அந்த சுபேதாரின் மகன் பள்ளியில் கோணிப்பையில் தனியாக உட்கார்ந்தான். 1901ல், நல்ல உடையோடு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய அந்தப் பிள்ளைகளுக்கு, சாதி தெரிந்ததும் வண்டி எளிதில் கிடைக்கவில்லை, வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறையின் சிப்பாய் உடை அடுத்த தலைமுறைக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூட வாங்கித் தரவில்லை. இதை நான் வகுப்பில் படித்தபோது அண்ணன் உயிரோடு இருந்தார்.

2013 மழைக்காலத்தில் வடகிழக்கு எல்லையில் சரிந்த ரோட்டைச் சீர் செய்துகொண்டிருந்தபோது மண் சரிந்து இறந்தார். அப்போது நாயக். அண்ணிக்கு 24 வயது, குழந்தைக்கு இரண்டு.

மூன்றாம் நாள் உடல் வந்தது. இங்கே எங்கள் ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். காலனி கிழக்கே. நடுவில் ஊர். எங்கள் சுடுகாடு ஊருக்கு மேற்கே, ஓடைக்கரையில். ஊர்த் தெரு வழியாகப் போனால் அரை கிலோமீட்டர். ஆனால் எங்கள் பிணங்கள் அந்தத் தெருவில் போகக் கூடாது. வரப்பு மேல் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஒன்றரை கிலோமீட்டர். மழைக்காலத்தில் நாற்று நட்ட வயலில் முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்குவோம். கால் இடறினால் "நாத்தை மிதிச்சிட்டீங்க" என்று சண்டை வரும்.

ராணுவ லாரி வரப்பில் போகாது. உடலோடு வந்த அதிகாரி வடநாட்டுக்காரர். "ரோடு எது?" என்று இந்தியில் கேட்டார். எங்கள் பெரியப்பா மகன் ஊர்த் தெருவைக் காட்டினான். அவ்வளவுதான். லாரி திரும்பியது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியோடு, மாலைகளோடு, ஊர்த் தெருவில், கோயிலைத் தாண்டி, மந்தையைத் தாண்டிப் போனது. வழி தெரியாத ஒருவர்தான் அந்த வழியைத் திறந்தார். திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் கை கூப்பினார்கள். காலனியிலிருந்து ஒரு பிணம் அந்தத் தெருவில் போனது அதுவே முதல் முறை. வெடி முழங்கியது, பியூகிள் ஊதினார்கள், கொடியை மடித்து அண்ணியிடம் கொடுத்தார்கள். அம்மா அழுதுகொண்டிருந்த நேரத்திலும் என் காதில் சொன்னாள்: "பாத்தியா, உங்கண்ணன் எந்தத் தெருவுல போனான்னு."

எழுபது நாள் கழித்து ஆயா இறந்தாள். பேரன் போன துக்கத்தில் படுத்தவள் எழவே இல்லை. அண்ணன் போன தெரு வழியாகத்தான் ஆயாவையும் கொண்டு போவது என்று இளைஞர்கள் முடிவு செய்தார்கள். பறையோடு பாடை ஊர் எல்லைக்கு வந்தபோது முப்பது நாற்பது பேர் குறுக்கே நின்றார்கள். எழுபது நாள் முன்பு கை கூப்பியவர்கள் அதில் இருந்தார்கள். நைனா கேட்டார்: "எம்புள்ள போன வழிதானேய்யா?" ஒருவர் பதில் சொன்னார்: "அது மிலிட்டரி. இது வேற."

ஆயாவை வரப்பில்தான் கொண்டு போனோம்.

"அது மிலிட்டரி, இது வேற." "ஒரு ராணுவ வீரரோட குடும்பத்துக்கே இப்படியா?" யோசித்துப் பாருங்கள். முதலாவது பகைவன் சொன்னது, இரண்டாவது நண்பன் சொன்னது. ஆனால் இரண்டும் ஒரே தராசில் நிறுக்கின்றன. நாட்டுக்காகச் செத்திருந்தால் தெருவில் போகலாம். நாற்று நட்டுச் செத்திருந்தால் வரப்பில் போக வேண்டும் என்கிற தராசு. அந்த ஏகாரம் சொல்லாமல் சொல்வது, மற்றவர்களுக்கு நடந்தால் அது அவ்வளவு பெரிய அநியாயம் இல்லை என்பதைத்தான்.

நம் முன்னோர்களும் இந்த வாதத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். "உங்களுக்காகச் சண்டை போட்டோமே" என்று வெள்ளையரிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். வேறு எந்தக் கதவும் இல்லாத காலத்தில் அது ஒரு கதவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1950க்குப் பிறகு நம் கையில் பதினேழாவது உறுப்பு இருக்கிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அது எல்லோருக்குமாகச் சொல்கிறது. யார் எப்படிச் செத்தார் என்று கேட்கவில்லை.

வீரத்தை வைத்து விலை பேசினால் அந்த விலையையும் அவர்கள்தான் நிர்ணயிப்பார்கள். 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் தாக்குதலில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எப். வீரர் ஒருவரின் உடல் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்துக்கு வந்தபோது, அவர் தாழ்ந்த சாதி என்று பொது நிலத்தில் எரிக்க ஆதிக்க சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கொடிக்குக் கிடைத்த அரை மணி நேரம் அங்கே அதுவும் எளிதில் கிடைக்கவில்லை.

அரசும் சாவுகளைத் தரம் பிரிக்கிறது. அண்ணனுடையது போர்ச் சாவு இல்லை, "பிசிக்கல் கேஷுவல்டி". போரில் இறந்தவர் குடும்பத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான ஓய்வூதியம். பணி காரணமான விபத்து என்றால் அதில் 60 சதவீதம். காகிதங்களை நான் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டாள்: "மண்ணு விழுந்து செத்தா சாவு இல்லையா?" அந்தக் கேள்வியை என் வேலையில் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். மலக்குழியில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களின் மனைவிமார்கள் கேட்பது இதேதான். 1993 முதல் அப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது. 2023ல் அதை 30 லட்சமாக்கியது. பல குடும்பங்கள் அந்தப் பணத்துக்கு வருஷக்கணக்கில் அலைகின்றன. அவர்கள் பெட்டி மேல் கொடி கிடையாது. அவர்களும் இந்த நாட்டின் ரோட்டுக்கு அடியில் வேலை செய்து செத்தவர்கள்தான்.

ஆயா இறந்த பிறகு பாதை கேட்டு மனு எழுதினோம். ஊரில் விவரம் தெரிந்த ஒருவர், "முதல் வரியிலேயே ராணுவ வீரரின் குடும்பம்னு போடுங்க, உடனே நடக்கும்" என்றார். நடந்திருக்கலாம். நைனா வேண்டாம் என்றார். "எம்புள்ள பேரைப் போட்டா எங்க வூட்டுப் பொணத்துக்கு மட்டும் வழி வுடுவானுங்க. மீதி பேரு?" படிக்காத மனிதர். நான் இரண்டு வருஷம் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார். "காலனியில் வசிக்கும் அனைத்துக் குடும்பங்களும்" என்றே எழுதினோம்.

அதிகாரிகள் சமரசம் பேசினார்கள். "வரப்பை அகலப்படுத்தி உங்களுக்குத் தனியா சிமென்ட் ரோடு போட்டுத் தர்றோம்" என்றார்கள். நல்ல ரோடுதான், ஆனால் தனி ரோடு. தீண்டாமைக்கு சிமென்ட் பூசித் தருவதாகச் சொன்னார்கள். மறுத்தோம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், சுடுகாட்டையோ பொதுப் பாதையையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைத் தெளிவாகக் குற்றமாக்கியது. அதைக் காட்டி மறுபடியும் மனு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியாகப் போக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். அந்த வீடியோ பரவி, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தபோது, எங்கள் தாலுகாவிலும் கொஞ்சம் அசைவு வந்தது. அந்த மனிதர் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. அவருக்காக யாரும் "இவருக்கே" என்று சொல்லவில்லை. அதனால் அவமானம் குறைந்துவிட்டதா?

அண்ணனை நான் தியாகி என்று சொல்வதில்லை. அவர் வேலைக்குப் போனவர். குடும்பத்துக்காக, சம்பளத்துக்காக, கொஞ்சம் அந்தச் சட்டைக்காகவும் போனவர். பாலம் கட்டுவதில் அவருக்குப் பெருமை இருந்தது. நேற்று இல்லாத இடத்தில் இன்று லாரி போகிறது என்று போனில் சொல்வார். அவர் எங்களுக்கு ஒரு தெரு வாங்கித் தருவதற்காகச் சாகவில்லை. அந்தத் தெரு அவர் உயிரோடிருந்தபோதே எங்களுடையது. அதற்கு முன்பு, ஏரிக்கரையில் முள் பார்த்துக்கொண்டு நின்ற நைனாவினுடையது. ஆயாவினுடையது.

இதுவரை காலனியிலிருந்து மூன்று பாடைகள் ஊர்த் தெரு வழியாகப் போயிருக்கின்றன. முதலாவது செங்கல் சூளையில் வேலை செய்தவர். வட்டாட்சியரும் இரண்டு வேன் போலீஸும் வந்தார்கள். இரண்டாவது சத்துணவுக் கூடத்தில் சமைத்த அக்கா, நான்கு போலீஸ்காரர்கள். மூன்றாவது, போன தை மாதம், குடித்துக் குடித்தே செத்துப்போன ஒரு சித்தப்பா. அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எங்களிடமே ஒன்றும் இல்லை. போலீஸ் வரவில்லை. திண்ணையில் யாரும் எழுந்து நிற்கவில்லை, கை கூப்பவில்லை, குறுக்கே வந்து நிற்கவும் இல்லை. பறை அடித்துக்கொண்டே போனோம்.