பங்குதாரர்

விநியோகச் சங்கிலி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் பங்குதாரர் என்கிறார்கள். பருத்தி விளைவித்தவர், நூற்றவர், தைத்தவர், சட்டையை வாங்கியவர் எல்லோரும் பங்குதாரர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எதில் பங்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தமிழ் படித்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். மேலாண்மைத் துறையில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி, நூற்பாலைப் பெண்களுக்கான கேள்விப்பட்டியலைத் தமிழாக்கித் தரச் சொன்னாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவதைவிட மேலான வேலைதான். கூடவே அவள் படித்த கட்டுரைகளையும் வாங்கிப் படித்தேன்.

சாய்ரிங், முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994 முதல் 2007 வரை வெளியான 191 கட்டுரைகளைப் பரிசீலித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலே எங்கும் நிறைந்திருந்தது. மனிதர்களைப் பற்றிய ஆய்வு அரிது. 2014இல் பேகலும் ஷெவ்செங்கோவும் இன்னும் கடுமையாக எழுதினார்கள்: இத்துறை லாபத்தின் கண்ணால்தான் பார்க்கிறது, மற்றவர்களின் கோரிக்கைக்கும் சம மதிப்பு வேண்டும் என்று.

ஏன் இப்படி? திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவால் நொய்யல் செத்தது. விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டக் கருவி இருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் உழைத்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி மில்லுக்குக் கூட்டிப்போன பெண்களின் பயத்தை அளக்க எந்தக் கருவி? சுமங்கலி! அந்தப் பெயரை வைத்தவருக்கு நம் சமூகம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மாணவியின் கருவி ஐந்து புள்ளி அளவுகோல். 'என் பணியிடம் பாதுகாப்பானது': முற்றிலும் உடன்பட்டால் ஐந்து, முற்றிலும் மறுத்தால் ஒன்று. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் மில்லில் இருந்துவிட்டு பி.ஏ. சேர்ந்த பெண் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"மேடம், இத மில்லுக்குள்ள வச்சுத்தான கேப்பாங்க?"

"ஆமா."

"அப்ப எல்லாத்துக்கும் நாலு போடுவோம். அஞ்சு போட்டா பொய்னு தெரிஞ்சிரும்."

இதை ஆய்வு மாணவியிடம் சொன்னேன். கேள்விகளை மாற்ற முடியாது, வெளிநாட்டு ஆய்விதழ்களில் சரிபார்க்கப்பட்ட அளவுகோல் என்றாள். சரிபார்த்தது யார் சொன்ன பதிலை வைத்து என்று கேட்டேன். பெரும்பாலும் கொள்முதல் மேலாளர்கள்.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். தணிக்கைக்காரர்கள் வந்துபோகும் உலகம்தான் அது. அதன்பிறகு பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. அதன்படி, சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே தளத்தில் நடக்கும் அத்துமீறலைக் கவனித்துச் சொல்வார்கள். தொழிற்சாலை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். பக்கத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் நாலு என்று சொல்ல வேண்டியதில்லை.

மாணவி இப்போது பொங்கல் விடுமுறைக்காகக் காத்திருக்கிறாள். மில் பெண்கள் ஊருக்கு வந்திருக்கும்போது வீட்டிலேயே பார்த்துப் பேசப் போகிறாளாம். அளவுகோல் கேள்விகளோடு, அவர்களாகவே சொல்ல ஒரு வெற்றுப் பக்கத்தையும் சேர்த்திருக்கிறாள். அதை ஆய்வேட்டில் எந்த இயலில் வைப்பது என்று அவளுடைய நெறியாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.