ஷெல்லின் நினைவும் ஆய்வேட்டின் முறையியலும்

"தரவு தூய்மை செய்யப்பட்டுச் சொற்கள் அகரவரிசைப்படுத்தப்பட்டன." மொழியியல் ஆய்வேடுகளில் இவ்வரியைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: எந்தக் கட்டளையால்?

தமிழைப் பொறுத்தவரை இது வெற்றுக் கேள்வியன்று. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. லொக்கேல் என்னும் மொழி-வட்டார அமைப்பைச் 'சி' என வைத்துச் 'சார்ட்' கட்டளையை இயக்கினால் அந்த வரிசைதான் கிடைக்கும். போதாக்குறைக்கு, 'க்' என்னும் மெய் 'கௌ'வுக்கும் பின்னால் போய்விடும். அகராதி பழகிய கண் அதை ஏற்காது. லொக்கேலைக் கட்டளை வரியிலேயே எழுதியிருந்தால் ஷெல்லின் கட்டளை வரலாற்றில் அது பதிவாகும். அமர்வு தொடங்கும்போது தானாக அமைந்திருந்தால் சுவடே இராது.

ஆகவே ஷெல்லைத் தேர்ந்தெடுப்பதை ரசனை சார்ந்த விஷயமாக மட்டும் என்னால் கருத முடியவில்லை. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் இயல்பிருப்பாக வரும் பேஷ், 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்டது. அதன் நினைவு இயல்பில் 500 கட்டளைகள். உபுண்டு தன் அமைவுக் கோப்பில் அதை 1000 ஆக்குகிறது. ஓராண்டு ஆய்வுக்கு இரண்டுமே போதா. நாம் கேட்டாலொழிய நேரத்தையும் குறிப்பதில்லை. வரலாற்றைக் கோப்பில் எழுதுவதோ அமர்வு முடியும்போதுதான். ஆஸ்டின் டவுனின் வாடகை அறையில் மின்சாரம் சொல்லிவிட்டா போகிறது?

ஆப்பிள் 2019இல் மேக் கணினிகளின் புதிய பயனர் கணக்குகளுக்கு ஸெட்-ஷெல்லை இயல்பிருப்பாக்கியது. கட்டளை தொடங்கிய நேரம், ஓடிய கால அளவு இரண்டையும் குறிக்கும் வசதி அதில் உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் கோப்பில் சேர்க்கவும் செய்யலாம். நான் 'சிஎச்எஸ்எச்' கட்டளையால் அதற்கு மாறியது இதற்காகவே. ஆனால் அமைவுக் கோப்பே இல்லாத ஸெட்-ஷெல் எதையும் கோப்பில் சேமிப்பதில்லை என்பதைப் புதிதாக மாறுவோர் கவனிக்க வேண்டும்.

எந்தக் கோப்புறையில் நின்று கட்டளையிட்டோம், என்ன விடை வந்தது என்பவற்றை இரண்டின் வரலாற்றுக் கோப்பும் குறிப்பதில்லை. அதனால் அன்றன்றைக்குப் பயன்பட்ட வரிகளைப் பொறுக்கி, கோப்புறைப் பெயரும் லொக்கேலும் சேர்த்து ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவைக்கிறேன். அதன் முதல் வரி பேஷையே அழைக்கும். என் நெறியாளரின் கணினியில் ஸெட்-ஷெல் கிடையாது.