தண்டவாளம் முடியும் இடம்

தோழியரே, நம் கொல்லிமலைக்கு ஏறிவர எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இரயில் பாதைதான் இல்லை. 2013-ஆம் ஆண்டு சேலம்–கரூர் பாதை திறந்தபின் கீழே நாமக்கல்லுக்கு இரயில் வந்தது. ஆனால் கேரளம் செல்ல எங்கள் ஊரார் சேலம் சந்திப்புக்குச் சென்றுதான் வண்டி ஏறுவார்கள். என் தந்தையும் அவர்களில் ஒருவர். ஆண்டுதோறும் மிளகு பறிக்கும் பருவத்தில் கோட்டயத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் இடுக்கி மலைக்குச் செல்வார்.

இவ்வாண்டு கல்விச் சுற்றுலாவாக நாங்கள் கன்னியாகுமரி சென்றோம். முக்கடல் கூடுமிடம், விவேகானந்தர் பாறை, 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை எல்லாவற்றையும் கண்டு மகிழ்ந்தோம். எனினும் என் மனத்தில் ஆழப் பதிந்தது அங்குள்ள இரயில் நிலையமே. 1979-இல் திறக்கப்பட்ட அந்நிலையம் நம் நாட்டின் தென்கோடி நிலையமாகும். வடக்கிலிருந்து வரும் தண்டவாளங்கள் அங்கே ஒரு தடுப்போடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் ஊர், ஊருக்கப்பால் கடல்.

மாலையில் திரும்புகையில் அசாமிலுள்ள திப்ருகருக்குச் செல்லும் விவேக் விரைவு வண்டி நின்றிருந்தது. 2011-இல் தொடங்கிய இவ்வண்டிதான் இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடுவது. 4,100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடக்க மூன்று நாட்களுக்கு மேல் ஆகும் என்று அருட்சகோதரி விளக்கினார்.

சுற்றுலாப் பயணிகள் சங்கு மாலைகளோடு குளிர்சாதனப் பெட்டிகளைத் தேடினர். முன்பதிவில்லாத பெட்டியின் முன்போ சாயம் படிந்த சட்டையணிந்த இளைஞர்கள் மூட்டைகளோடு முண்டியடித்தனர். அருட்சகோதரி ஒருவரிடம் இந்தியில் பேசினார். அவர் இரண்டாண்டுகளாகக் கட்டட வேலை செய்தவராம். "கடலில் குளித்தீர்களா?" என்று நாங்கள் கேட்கச் சொன்னோம். அவர் சிரித்தார். "நான்காம் மாடியில் நின்று தினமும் பார்த்தேன். கால் நனைக்க நேரம் கிடைக்கவில்லை" என்றார்.

அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நால்வர் அமரும் இருக்கையில் எழுவர். கழிவறை வாசலிலும் செய்தித்தாள் விரித்து ஆட்கள். வீடு திரும்பும் என் தந்தை பயணத்தைப் பற்றி, "உட்கார இடம் கிடைத்தது, அம்மா" என்பதோடு முடித்துக்கொள்வார். 'இடம்' என்று அவர் சொல்வது எதுவென்று அன்று கண்ணால் கண்டேன்.

பொதுத்தேர்வுக்குப் பின் நான் மலையை விட்டிறங்கி விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அதற்கான பணம் அந்தப் பெட்டியில்தான் வருகிறது. கடல் காண அந்நிலையத்தில் இறங்கும் தோழியரே, அக்கடைசிப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

படித்து வேலைக்குச் சென்றதும் என் தந்தையை அங்கே அழைத்துச் செல்வேன். சேலத்தில் அவர் ஏறும் வண்டிகளில் ஒன்று அந்தக் கடற்கரை வரை செல்கிறது. அவர்தான் எப்போதும் கோட்டயத்திலேயே இறங்கிவிடுகிறார்.