நிக்காத பஸ்ஸும் நம்ம சினிமாவும்

நம்ம சினிமாவில் வண்டி என்றால் ஹீரோ ஓட்டுவதற்குத்தான். 'படிக்காதவன்' (1985) ரஜினிக்கு லட்சுமின்னு பேர் வச்ச டாக்சி. 'பையா'வில் (2010) பெங்களூரிலிருந்து மும்பை வரைக்கும் கார்த்தி ஓட்டும் கார். ரெண்டையும் விசிலடிச்சுத்தான் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்த ரோடுகளில் யாரும் பஸ்ஸுக்குக் காத்து நிக்கலை.

'கர்ணன்' (2021) வந்தபிறகுதான் கேமரா ரோட்டோரத்தில், நாம நிக்கிற பக்கம் வந்து நின்றது. பொடியங்குளத்தில் பஸ் நிக்காது. மாசமா இருக்கிற பொம்பளை காத்து நிக்கிறா, பஸ் போகுது, சின்னப்பய கல்லெடுத்து எறியிறான். 1995 ஆகஸ்ட் 31-ல் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது தெரிந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பேர் போதும்.

"ஒரு பஸ்ஸுக்காகவா இவ்வளவு?" என்று கேட்டார் கூட வந்த நண்பர். அவருக்கு அரசியல் தெரியும், பஸ் தெரியாது. கட்டபொம்மன் பேர் போட்ட பஸ்ஸில் வருசக்கணக்கா ஏறி இறங்கியவர்கள் சாதி இந்துக்கள். அவர் தளபதி, நம்ம கவர்னகிரி வீரன் சுந்தரலிங்கம் பேரை 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததும், அதில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துவிட்டது. இதை இன்னும் எவனும் படமா எடுக்கலை.

'வாழை'யில் (2024) பஸ் இல்லை, லாரி. வாழைத்தார் லோடு மேல உட்கார்ந்து வருது கூலிச்சனம். அந்த லாரி கிளம்பினதுமே, பக்கத்து சீட்டிலிருந்த உப்பளத்து அக்கா எழுந்து வெளியே போயிட்டாங்க. ஏன்க்கா என்று பிறகு கேட்டேன்.

"லோடு மேல உட்கார்ந்தா எப்படி ஆடும்னு எனக்குத் தெரியும்லா" என்றார்கள்.