புத்து மண்ணும் ஒரு சர்வரும்

ஒரே உடம்புல ரெண்டு சாமி இருக்குற ஊரு எங்க சங்கரன்கோவில்.
ஒரே போர்டுல பிராசசர், ரேம், நெட்வொர்க் எல்லாம் இருக்குற ராஸ்பெரி பை குட்டிக் கம்ப்யூட்டர் மேல ஆசை வராதா?

வாங்கிட்டேன். சீட்டுக்கட்டு சைஸ்தான். 5 வோல்ட்ல ஓடும்.
"இனி நம்ம போட்டோ நம்ம வீட்லயே"ன்னு அதுல இம்மிச்ங்கிற போட்டோ சர்வர் போட்டாச்சு.
வெளிய இருந்து பார்க்க டெயில்ஸ்கேல். ஏன்னா எங்க நெட்ல பல வீட்டுக்கு ஒரே ஐபி, வெளிய இருந்து நேரா உள்ள வர முடியாது.

நேத்து தென்காசில ஃபிரண்டுகிட்ட பந்தாவா, "எங்க ஊர் ஆடித்தபசு திருவிழா போட்டோ பாரு"ன்னு ஃபோனை நீட்டுனா...
சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"டிவிக்குப் பின்னால குட்டிப் பெட்டில சிவப்பு லைட் எரியுதாம்மா?"
"அதுவாய்யா? கிரைண்டர் போட பிளக் இல்ல. புடுங்கிட்டேன்."

பச்சை லைட் மினுங்கும்போது புடுங்கிருந்தா எஸ்டி கார்டே போயிருக்கலாம்.
பேக்கப்பா? அது அடுத்த வாரம் எடுக்கலாம்னு இருந்தேன். மூணு வாரமா.

வீட்டுக்கு வந்து பதறிப்போய் ஆன் பண்ணேன். நல்லவேளை, வந்துருச்சு.
பெட்டி மேல சின்னப் பொட்டலம். கோமதி அம்மன் கோயில் பிரசாதம், புத்து மண்ணு.
"நீ பதறுனேல்ல, அதான் வச்சேன்"ங்காங்க அம்மா.

இப்ப சொல்லுங்க மக்கா,
யூபிஎஸ் வாங்கவா, புத்து மண்ணே போதுமா?